தானே நிறையும் கான்கிரீட்

ஒரு கான்கிரீட் தூணின் உறுதி, சேர்த்த சிமெண்டின் அளவால் மட்டும் அமைவதன்று. கலவை அச்சின் மூலைமுடுக்கெல்லாம் சென்று நிறைந்ததா என்பதையும் பொறுத்ததாகும். கம்பிகள் நெருங்கிய இடத்தில் கலவை இறங்காவிடில் தேனடை போன்ற பொந்துகள் தங்கிவிடும். மேற்பூச்சு அவற்றை மறைக்கலாம். எனினும் நீரும் காற்றும் அவ்வழியே புகுந்து கம்பியை அரித்துவிடும்.

இக்குறையைக் களைய, குத்தாமலும் அதிர்வுக் கருவியைச் செலுத்தாமலும் தன் எடையாலேயே பரவி நிறையும் கான்கிரீட் வேண்டுமென்று 1986-ஆம் ஆண்டில் ஜப்பானியப் பேராசிரியர் ஹாஜிமே ஒகமுரா எடுத்துரைத்தார். 1988-இல் அது உருவாயிற்று.

நீரை மிகுதியாக ஊற்றினால் போதாதோ என்று நேயர்கள் கேட்கலாம். அப்போது ஜல்லி அடியில் தங்கும்; வலிமையும் குன்றும். ஆகவே சிமெண்டுத் துகள்கள் திரளாதபடி விலக்கும் இரசாயனப் பொருள் ஒன்றைச் சிறிதளவு சேர்க்கின்றனர். ஜல்லியைக் குறைத்து நுண்பொடியைக் கூட்டுகின்றனர். பொடிக் குழம்பே ஜல்லியைத் தாங்கிச் செல்கிறது.

அப்பொடி முழுவதும் சிமெண்டானால் செலவு ஏறும். இறுகும்போது எழும் சூட்டால் வெடிப்பும் தோன்றலாம். இங்கேதான் ஆலைக் கழிவுகள் கைகொடுக்கின்றன. அனல் மின் நிலையங்களின் புகையிலிருந்து பிரித்தெடுக்கும் சாம்பலின் துகள்கள் பெரும்பாலும் உருண்டையானவை. கேழ்வரகு மணிகளைப் போல் உருண்டு கலவைக்கு ஓட்டம் தருகின்றன. பின்னர், சிமெண்டிலிருந்து வெளிப்படும் சுண்ணாம்புடன் மெல்லக் கூடித் தாமும் இறுகுகின்றன. இரும்பு உருக்கும் ஊதுலையின் கசடை நீரால் சட்டெனக் குளிர்வித்து அரைத்த பொடியும் இவ்வாறே பயன்படும். இவை அருகில் கிடைக்குமிடத்தில், இரசாயனப் பொருளுக்காகும் செலவைச் சிமெண்டின் மிச்சம் பெரிதும் ஈடுசெய்யும்.

கலவையைச் சோதிப்பது எளிது. 30 செ.மீ. உயரமுள்ள கூம்பில் நிரப்பித் தூக்கினால், அது 55 முதல் 85 செ.மீ. வரை விட்டமுள்ள வட்டமாகப் பரவவேண்டும். நடுவில் ஜல்லி குவிவதும் ஓரத்தில் நீர் பிரிவதும் கூடா.

எச்சரிக்கையும் வேண்டும். எரியாத கரி மிகுந்த சாம்பல், சேர்த்த இரசாயனப் பொருளை உறிஞ்சிவிடும். எனவே சோதித்த சாம்பலையே கொள்ளல் நன்று. பலகை அச்சில் இடுக்கு இருப்பின் குழம்பு ஒழுகிவிடும். சாம்பல் கலந்த கான்கிரீட் தொடக்கத்தில் மெதுவாகவே வலுப்பெறும். அச்சை அவசரப்பட்டுப் பிரித்தலாகாது. சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் ஈரம் காக்கவேண்டுமென்றும், இத்தகைய பொடிகள் சேர்ந்தால் 10 நாளேனும் காக்கவேண்டுமென்றும் 2000-ஆம் ஆண்டின் இந்தியத் தர விதி கூறுகிறது. இந்த மூன்று நாள் நீரை மிச்சப்படுத்த எண்ணுவோர், சாம்பலால் பெற்ற ஆதாயத்தைத் தாமே இழப்பவராவர்.