கிறித்தவ சமயத்திற் கடவுளும் தீமையும்

பிறர் மதத்தினை ஆராயப் புகுவோன் முதற்கண் அதனை அம்மதத்தார் கூறுமாறே எடுத்துக் கூறல் வேண்டும் என்பது நம் முன்னோர் கைக்கொண்ட நெறி. அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரிற் பரபக்கம் என ஒரு பகுதி வகுத்து, உலகாயதம் முதலாய மதங்களின் கொள்கைகளை முன்னர் நிறுத்திப் பின்னரே மறுப்புரைத்தார். அப்பகுதியிற் கிறித்தவம் இடம்பெறவில்லை. ஆயினும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் அயலிலே கோயில் எடுத்து வழிபடுவோரின் சமயம் அது. அதைப் பற்றி நம் மாணாக்கர் அறிந்தன யாவை எனின், பெரும்பாலும் இரண்டே. அது கடல் கடந்து வந்தது என்பது ஒன்று; எல்லாச் சமயமும் ஒன்றையே கூறும் என்பது மற்றொன்று. முன்னையது வரலாறு, பின்னையது உபசாரம். இவ்விரண்டும் அச்சமயத்தை அறிந்ததாகா.

சில ஆண்டுகளின் முன் வகுப்பிலே மாணாக்கன் ஒருவன் எழுந்து, “நல்லவராகிய கடவுள் ஒருவரே அனைத்தையும் படைத்தார் என்று கிறித்தவர் கூறுகின்றனரே, அங்ஙனமாயின் தீமையைப் படைத்தவர் யார்?” என வினாவினான். சிறியேன் அன்று கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. கிறித்தவ சமயத்தின் நாடியைத் தொட்ட வினா அது. கடவுள், படைப்பு, தீமை, மீட்பு என்னும் நான்கு கொள்கைகளும் இவ்வொரு வினாவிலே வந்து கூடுகின்றன. இதே வினாவைத் தம் இளமை முழுவதும் சுமந்து திரிந்த ஒருவரின் வரலாற்றோடு சேர்த்து அவற்றை ஈண்டு ஆராய்வாம்.

அவர்தாம் அகுஸ்தீன். கி. பி. 354 இல், வட ஆபிரிக்காவில் இன்று அல்சீரியா என வழங்கும் நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்தார். தாயார் மோனிக்கா கிறித்தவர். தந்தையார் பழைய உரோம சமயத்தவர். அகுஸ்தீன் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியர். கார்த்தேஜ், உரோமை, மிலான் ஆகிய நகரங்களிற் சொல்லணிக் கலை கற்பித்தவர். பத்தொன்பதாம் வயதளவில் மெய்யறிவு வேட்கை மேலிட்டு மானி என்பவரின் மதத்தைச் சார்ந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டு அதன்கண் நின்றார். மானி மூன்றாம் நூற்றாண்டிற் பாரசீகப் பேரரசில் வாழ்ந்தவர். ஒளி, இருள் என்னும் இரண்டும் தொன்றுதொட்டே உள்ளன. அவற்றின் போரே உலகம். உடல் இருளின் பாற்பட்டது. உயிர் ஒளியின் துணுக்கு என்பன அவர் கொள்கை. தீமைக்குக் காரணம் யாது என்னும் வினாவிற்கு இதனினும் எளிய விடை இல்லை. தீமை வேறு ஒரு முதலிலிருந்து வந்தது, கடவுள் குற்றமற்றவர், யானும் குற்றமற்றவன், குற்றம் செய்வது என்னுள் இருக்கும் இருள். இவ்விடையிலே நெடுங்காலம் ஆறுதல் கண்ட அகுஸ்தீன், பின்னர் அதிலே ஒரு குறை கண்டார். இருளால் தாக்கப்பட்டுத் துணுக்குறும் கடவுள் எவ்வாறு கடவுளாவார்? தான் செய்த பிழையைத் தனதன்று என்று தள்ளுவோன் எவ்வாறு திருந்துவான்?

மிலான் நகரிலே பேராயர் அம்புரோசின் உரைகளைக் கேட்டும், பிளேற்றோவின் வழிவந்தோர் நூல்களைக் கற்றும் அவர் மனம் மாறியது. 386 இல் உளம் திரும்பி, 387 இல் திருமுழுக்குப் பெற்றார். பின்னர் ஹிப்போ நகரின் ஆயராகி 430 இல் இறந்தார். மேலைக் கிறித்தவத்திற்கு இவரளவு உருவம் கொடுத்த ஆசிரியர் திருத்தூதர் பவுலுக்குப்பின் அரியர்.

இனிக் கடவுட் கொள்கையை நோக்குவாம். கடவுள் ஒருவரே என்பது கிறித்தவத்தின் முதற் கொள்கை. யூத சமயத்திலிருந்து அது பெற்ற முதுசொம் இது. ஆயினும் அவ்வொரு கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூன்று ஆட்களாய் உள்ளார் என 325 இல் நிசேயாவிலும் 381 இற் கொன்ஸ்தாந்திநோப்பிளிலும் கூடிய சங்கங்கள் வரையறுத்தன. இதனை மூன்று கடவுளர் எனக் கொள்வது பிழை. உண்மை ஒன்று; அவ்வுண்மையில் நிற்கும் உறவுகள் மூன்று. அகுஸ்தீன் இதுபற்றிப் பதினைந்து பகுதிகள் கொண்ட நூல் ஒன்று இயற்றினார். ஒரே உள்ளம் நினைவாயும் அறிவாயும் விருப்பாயும் இருத்தலை அதிலே உவமை காட்டி, உவமை முற்றும் பொருந்தாது என்றும் ஒப்புக்கொண்டார். இக்கொள்கையின் பயன் யாதெனில், அன்பு என்பது கடவுள் உலகைப் படைத்தபின் மேற்கொண்ட தொழிலன்று. உலகம் தோன்றுமுன்னரே அவர் இயல்பாய் உள்ளது என்பதாம். ஆகவே கடவுள் உலகைப் படைத்தது தமக்கு ஏதும் குறை இருந்தமையால் அன்று.

படைப்புக் கொள்கையிலேதான் நம் சமயத்திற்கும் கிறித்தவத்திற்கும் உள்ள வேற்றுமை தெளிவாய்த் தோன்றும். குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம் என்பது நாம் அறிந்த உவமை. சைவ சித்தாந்தத்தில் இறைவன் நிமித்தகாரணன். மாயை உலகிற்கு முதற்காரணம். உயிர்கள் படைக்கப்பட்டன அல்ல. கிறித்தவமோ குயவன் மட்டுமே இருந்தான், மண்ணும் இல்லை சக்கரமும் இல்லை என்கின்றது. இன்மையினின்றும் படைத்தல் என்னும் இக்கொள்கையை இரண்டாம் நூற்றாண்டில் இரேனேயஸ் முதலாய ஆசிரியர் வலியுறுத்தினர். காலமும் உலகோடு உடன் தோன்றியது. ஆதலின் படைப்புக்கு முன் கடவுள் யாது செய்தார் என வினாவுதல் பொருந்தாது என்பார் அகுஸ்தீன். இங்ஙனம் படைக்கப்பட்ட உலகம் கடவுளின் கூறும் அன்று, பொய்த்தோற்றமும் அன்று. அது மெய், நல்லது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் படைக்கப்பட்ட பொருளை நல்லது எனப் பலகாற் கூறிச் செல்லும்.

இவ்விடத்து மாணாக்கனின் வினா முழு வலியோடு எழும். படைத்தவர் நல்லவர், படைக்கப்பட்டனவும் நல்லன, வேறு முதற்பொருளும் இல்லை. தீமை எங்கிருந்து வந்தது?

அகுஸ்தீன் கூறும் விடை, வினாவையே சற்றுத் திருத்துகின்றது. தீமை ஒரு பொருளாயின் அதனைப் படைத்தவர் யார் என வினாவலாம். அது பொருளன்று, இருக்கவேண்டிய நன்மை இல்லாமை. கல்லுக்குப் பார்வை இல்லை. அதனை ஒருவரும் தீமை என்னார். மனிதன் கண்ணிற் பார்வை இல்லாமை தீமை; ஏனெனில் அது அங்கு இருத்தற்குரியது. துரு இரும்பின்றித் தனித்து நில்லாது. அழுகல் பழமின்றித் தனித்து நில்லாது. அங்ஙனமே தீமையும் நன்மையைப் பற்றியன்றித் தன்னளவில் நில்லாது. இதனைத் தீமை பொய் என்னும் கூற்றாக மயங்கற்க. பசி உணவின்மையே, ஆயினும் அது கொல்லும்.

இன்மை எவ்வாறு புகுந்தது எனின், கட்டற்ற விருப்பம் உடைய உயிர் தன் விருப்பத்தை மேலான நன்மையினின்றும் கீழான நன்மையின்பால் திருப்பியமையால் என்பர். அகுஸ்தீன் தமது “ஒப்புதல்கள்” என்னும் நூலிலே பதினாறாம் வயதிற் செய்த ஒரு களவை எடுத்துக் கூறுகின்றார். தோழரோடு கூடி இரவிலே அயலார் தோட்டத்துப் பேரிக்காய்களைப் பறித்தார். பசியால் அன்று, தம் வீட்டில் அதனினும் நல்ல பழம் இருந்தது. பறித்தவற்றைப் பன்றிகளுக்கு எறிந்தனர். பிழை செய்தலின் இன்பத்திற்காகவே பிழை செய்தோம் என்று அவர் பல பக்கங்களில் வருந்துவதைப் படிப்போர் சிறுவர் குறும்பிற்கு இத்துணை வருத்தமா என நகைக்கலாம். ஆனால் என்னுள் இருக்கும் இருள் செய்தது என்று ஒருகாற் கூறியவர் இங்கு யான் செய்தேன் என்று கூறுகின்றார். இதுவே அவர் கண்ட திருப்பம்.

முதல் மனிதனின் வீழ்ச்சியால் மனித குலம் முழுதும் இத்திரிபினை உடையதாயிற்று என்பது சன்மபாவக் கொள்கை. இதிலே கிறித்தவர்க்குள்ளும் கருத்து வேற்றுமை உண்டு. பெலாகியஸ் என்னும் துறவி, மனிதன் விரும்பினால் நன்னெறியில் நிற்கும் ஆற்றல் உடையன் என்றார். 418 இற் கார்த்தேஜிற் கூடிய சங்கம் அவர் கொள்கையை விலக்கியது. கீழைத் திருச்சபையார் முதல் மனிதனிடமிருந்து இறப்பையும் மெலிவையும் பெற்றோம் என்பரேயன்றி, அவன் குற்றத்தையே பெற்றோம் என்னார். திருமுழுக்கின்றி இறக்கும் குழந்தைகளும் தண்டனைக்கு உரியர் என அகுஸ்தீன் துணிந்தது அவர் கொள்கையின் கடுமையான முடிபு. கத்தோலிக்கத் திருச்சபையின் இறையியல் ஆணைக்குழு 2007 இல் வெளியிட்ட அறிக்கை, அக்குழந்தைகள் மீட்புப் பெறுவர் என நம்புதற்குத் தக்க காரணங்கள் உள என்றது. ஆயிரத்தைந்நூறு ஆண்டு கழிந்தும் ஒரு சமயம் தன் பேராசிரியரின் கூற்றை மீள ஆராய்கின்றது என்பது கவனிக்கற்பாலது.

தீமை விருப்பத்தின் நோய் எனின், மீட்பு அவ்விருப்பம் குணமாதல் ஆகும். உடலினின்றும் விடுபடுதல் அன்று. உலகினின்றும் நீங்குதலும் அன்று. ஆகையாலேயே கிறித்தவர் உயிர் அழியாமையை மட்டுமன்றி உடல் உயிர்த்தெழுதலையும் நம்புகின்றனர். இந்நோயை நோயாளி தானே தீர்த்துக்கொள்ளல் இயலாது. கடவுளே மனிதராய் வந்தார் என்பர். இயேசு முழுவதும் கடவுள், முழுவதும் மனிதர் என 451 இற் கால்சிடன் சங்கம் வரையறுத்தது. இது நாம் கேட்கும் அவதாரக் கதைகளைப் போன்றதன்று, ஒருமுறையே நிகழ்ந்தது, பசி, நோவு, சாவு அனைத்தும் அதில் மெய். சிவபிரான் கருவாய்ப்பட்டுப் பிறத்தல் இல்லை என்பது சைவர் துணிபாதலின், இவ்விடத்து இரு சமயமும் வெவ்வேறு வழிச் செல்வன. சிலுவைச் சாவு எவ்வாறு மீட்பாகும் என்பதற்கு ஒரே விளக்கம் இல்லை. கடவுளின் மாட்சிக்குச் செலுத்தவேண்டிய கடன் அதனால் தீர்ந்தது என்றார் பதினோராம் நூற்றாண்டின் அன்செல்ம். அன்பைக் காட்டி அன்பை எழுப்பிற்று என்றார் அவருக்குப் பின்வந்த அபெலார்ட்.

அருள் முழுதும் கடவுளதாயின் மனிதன் செயல் யாது? இவ்வினா நமக்கும் புதிதன்று. குரங்குக் குட்டி தாயைத் தான் பற்றிக்கொள்ளும். பூனைக் குட்டியைத் தாய் கவ்விச் செல்லும். வைணவத்தின் இரு கலையாரும் இவ்வுவமைகளால் வாதிட்டதை நாம் அறிவோம். மேனாட்டிலே இவ்வாதம் 1517 இல் மாட்டின் லூதர் தொடங்கிய கிளர்ச்சியோடு திருச்சபையைப் பிளக்க உதவியது. 1999 இல் லூதரன் உலகச் சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும், மனிதன் நேர்மையாளன் ஆவது தன் தகுதியால் அன்று அருளாலேயே என்றும், அவ்வருளே நற்செயலுக்கு வலிமை தரும் என்றும் கூட்டறிக்கை ஒன்றில் உடன்பட்டன.

இனி, இரு சமயத்தையும் நேர்நிறுத்தி நோக்குவாம். சைவ சித்தாந்தத்தில் ஆணவமலம் செம்பிற் களிம்புபோல உயிரை அநாதியே பற்றியது. ஆகவே தீமையை இறைவன் ஏன் உண்டாக்கினான் என்னும் வினா நம்மிடம் எழாது. அவன் அதனை உண்டாக்கவில்லை, நீக்கவே முயல்கின்றான். ஆனால், இறைவனால் ஆக்கப்படாத பொருள் என்றும் அவனோடு உடன் இருத்தல் அவன் முழுமுதன்மைக்குப் பொருந்துமோ எனக் கிறித்தவன் வினாவுவான். அவ்வினா அவனிடம் எழாது. அவன் விடை கூறவேண்டிய வினா வேறு. நல்லவராற் படைக்கப்பட்ட நல்ல விருப்பம் முதன்முதல் ஏன் திரிந்தது? அகுஸ்தீன் இங்கு நேர்மையாகவே நின்றுவிடுகின்றார். திரிந்த விருப்பத்தின் காரணத்தைத் தேடுதல் இருளைக் காணவும் அமைதியைச் செவியாற் கேட்கவும் முயல்வதை ஒக்கும் என்பது அவர் கருத்து. ஒவ்வொரு சமயமும் ஒரு வினாவிற்கு விடை காணுமிடத்து மற்றொரு வினாவைத் தன் வாயிலிலே நிறுத்துகின்றது. எல்லாம் ஒன்றே என்போர் இவ்விரு வினாக்களையும் காணார்.

யாழ்ப்பாணத்திலே ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாரோடு அமர்ந்து விவிலிய நூலைத் தமிழாக்கத் துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. அந்நூலைச் சொற்சொல்லாய் அறிந்தவரே பின்னர்ச் சைவத்தின் பொருட்டு எழுதினார். அறிந்து வேறுபடுதல் அறியாது உடன்படுதலினும் மேலானது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அகுஸ்தீன் இறக்கும்போது வந்தாலர் என்னும் படையினர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தனர். தீமை ஓர் இன்மை என நிறுவியவரின் மதிலுக்கு வெளியே தீமை கருவி தாங்கி நின்றது. அவர் கொள்கை அதனை அகற்றவில்லை. அதன்முன் நடுங்காது நிற்கவும், தன் பங்கினைத் தனதென ஏற்கவும் அவருக்கு உதவியது. அன்று வினாவிய மாணாக்கன் மீண்டும் வருவானாயின் சிறியேன் கூறுவது இதுவே: “தம்பி, தீமை எங்கிருந்து வந்தது என்பதிற் பெரியோர் வேறுபடுவர். அது என்னுள்ளும் உளது, அதனைத் தீர்க்க அருள் வேண்டும் என்பதில் இவ்விரு சமயத்தாரும் வேறுபடார். முன்னையதை வாதிடு, பின்னையதை மறவாதே.”