சாவி சரி, கதவு ஏன் திறக்கவில்லை?

பெருங்குடியில் பழைய மகாபலிபுரம் சாலை ஓரமாக எழும்பியிருக்கும் கண்ணாடி மாளிகைகளைப் பார்த்தால், அந்த வட்டாரத்தில் எல்லோருமே கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவர்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அங்கேயே தொழிற்பேட்டைக்குள் நுழைந்து பாருங்கள். சின்னச் சின்னக் கம்பெனிகள். ஒரு மேஜை, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு கணக்கர். ஆர்டர், பில், பாங்க் கடிதம் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் உள்ள அவுட்லுக்கிலோ தண்டர்பேர்டிலோ வந்து விழ வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை காலை, 'பாஸ்வேர்டு தவறு' என்று அது முரண்டு பிடிக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். கணக்கர் மறுபடி அடிக்கிறார். மறுபடியும் அதே பல்லவி! வெள்ளிக்கிழமை வரை வேலை செய்த பாஸ்வேர்டு இரண்டே நாளில் எப்படித் தவறாகும்?

பெரும்பாலும் பாஸ்வேர்டில் கோளாறே இருக்காது. ஆகவே, திரும்பத் திரும்ப அடித்துப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். அளவுக்கு மீறினால் கணக்கே தற்காலிகமாகப் பூட்டிக் கொள்ளும்.

முதல் சோதனை

பிரவுசரைத் திறந்து, அதே பெயர், அதே பாஸ்வேர்டுடன் உங்கள் மெயிலுக்குள் போய்ப் பாருங்கள். அங்கேயும் திறக்காவிட்டால் கோளாறு கணக்கில். அந்தக் கம்பெனியின் தளத்திலேயே உள்ள மீட்பு வழியில் போக வேண்டியதுதான். அங்கே திறந்துவிட்டால், குற்றவாளி உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம்!

கம்ப்யூட்டரின் தேதியையும் ஒரு கண் பாருங்கள். பழைய பெட்டிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு பாட்டரி தீர்ந்து போனால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பென்றால் சர்வர் காட்டும் அத்தாட்சிப் பத்திரத்தைக் கம்ப்யூட்டர் நம்பாது.

பூட்டு மாறிய கதை

இனி முக்கியமான சமாசாரம். முன்பெல்லாம் புரோகிராம் உங்கள் பாஸ்வேர்டை வாங்கி வைத்துக் கொண்டு, அதையே சர்வரிடம் நீட்டும். திருடர்களுக்கு இது வசதியாகப் போயிற்று. ஆகவே தனி நபர் ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே 30 முதல் கூகிள் இந்த வழியை அடைத்தது. மைக்ரோஸாப்டும் தன் தனி நபர் கணக்குகளுக்கு 2024 செப்டம்பரில் அடைத்தது. பூட்டை மாற்றியவர்கள் அவர்கள். சாவியைக் குறை சொல்வது நாம்!

புதிய முறையின் பெயர் ஓ-ஆத் 2. தண்டர்பேர்டில் கணக்கின் 'சர்வர் செட்டிங்ஸ்' பகுதிக்குப் போய், அடையாளம் சரிபார்க்கும் முறையாக இதைத் தேர்ந்தெடுங்கள். கூகிளின் சொந்த ஜன்னல் ஒன்று திறக்கும். பாஸ்வேர்டை அங்கே கொடுத்தால், புரோகிராமுக்கு ஓர் அனுமதிச் சீட்டு மட்டுமே கிடைக்கும். தண்டர்பேர்டில் 'குக்கீ'களைத் தடுத்து வைத்திருந்தால் இந்த ஜன்னல் தகராறு செய்யும்.

இந்த முறை தெரியாத பழைய அவுட்லுக்கில் ஜிமெயில் வேண்டுமா? இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கிவிட்டு, கூகிள் கணக்கில் 16 எழுத்துக் கொண்ட 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை உண்டாக்கிக் கொள்ளலாம். ஆனால் பிறகு எப்போது கூகிள் பாஸ்வேர்டை மாற்றினாலும் இது செல்லாக் காசாகிவிடும். புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.

வர ஒரு வாசல், போக ஒரு வாசல்

கடிதம் வருகிறது, ஆனால் போகவில்லை என்றால் வியப்படைய வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனி சர்வர், தனித்தனி செட்டிங். ஜிமெயிலில் ஐமேப் முறையில் வருவதற்கு 993-ஆம் போர்ட். போவதற்கு 465 அல்லது 587. ஒன்றைத் திருத்திவிட்டு மற்றதை மறந்து விடுகிறவர்கள்தான் அதிகம்.

சில சமயம் தவறு உங்களிடமும் இராது, புரோகிராமிடமும் இராது. 2018 செப்டம்பர் 24 அன்று, சென்னையில் வளர்ந்த ஜோஹோ கம்பெனியின் இணைய முகவரியை, அதைப் பதிவு செய்திருந்த அமெரிக்க நிறுவனம் முடக்கிவிட்டது. அவ்வளவு பெரிய கம்பெனியின் வாடிக்கையாளர்களே கதவைத் தட்டிக் கொண்டு நின்றார்கள்! உங்கள் கம்பெனிக்குச் சொந்த முகவரி இருந்தால், அதன் வருஷச் சந்தா கட்டியாயிற்றா என்றும் பாருங்கள்.

அவசரம் வேண்டாம்

'கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் சரியாகிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். சற்றுப் பொறுங்கள்! பாப் முறையில் இறக்கிய பழைய கடிதங்கள் சர்வரில் இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கக் கூடும். நகல் எடுக்காமல் நீக்கினால், பத்து வருஷத்து பில்லும் கடிதமும் போனது போனதுதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பதற்றத்தில் இணையத்தில் தேடி, கண்ணில் பட்ட 'உதவி' நம்பருக்குப் போன் செய்வது. எதிர்முனையில் தேன் ஒழுகப் பேசும் ஆசாமி, உங்கள் திரையைப் பார்க்க ஒரு புரோகிராமை இறக்கச் சொல்வார், பிறகு ஓ.டி.பி.யைக் கேட்பார். மெயில் சரியாகுமோ ஆகாதோ, பாங்க்குப் பணம் காலியாகிவிடும். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக் கொண்டு உட்கார்ந்திராமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் செய்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே மறிப்பதற்கு அவ்வளவு வாய்ப்பு உண்டு.