நோயாளியின் தலைமாட்டில் ஒரு பாட்டு

மொசார்ட் இசையைப் போட்டுவிட்டால் குழந்தைக்கு அறிவு கூடும் என்ற நம்பிக்கை இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதன் வேர், 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு பக்கக் கட்டுரை. அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்கள், இரண்டு பியானோக்களுக்காக மொசார்ட் இயற்றிய சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்டபின், வடிவங்களை மனத்தில் மடித்துப் பார்க்கும் புதிர்களைச் சற்று நன்றாகப் போட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலன் கரைந்துவிட்டது. ஆய்வில் குழந்தை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர் நிதி கேட்டார். மறு ஆண்டே கனடா ஆய்வாளர்கள் விஷயத்தைத் தெளிவாக்கினார்கள்: கதை பிடித்தவர்களுக்குக் கதை கேட்ட பிறகும் புதிர் நன்றாகவே வந்தது. மனம் உற்சாகமானதன் விளைவுதான் அது. இந்த அறிவு வளர்ச்சிப் பேச்சு, இசை உண்மையிலேயே கைகொடுக்கும் இடத்தை மறைத்துவிட்டது என்பதே என் வருத்தம். அந்த இடம் நோயாளியின் படுக்கை.

அறுவை சிகிச்சையும் இசையும் பற்றிய 73 பரிசோதனைகளை அலசிய கட்டுரை 2015இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன. வலி மருந்தின் தேவையும் குறைந்தது. ஆனால் மருத்துவமனையில் தங்கும் நாள்கள் குறையவில்லை. ‘பொழுது போகிறது, அவ்வளவுதானே’ என்று கேட்கலாம். அதற்கு ஹெல்சிங்கியில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு விடை தருகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஒரு குழுவினர் தமக்குப் பிடித்த இசையையும், மற்றொரு குழுவினர் ஒலிநூல்களையும் இரண்டு மாதம் தினமும் கேட்டார்கள். மூன்றாம் குழுவுக்குக் கேட்க எதுவும் தரப்படவில்லை. சொற்களை நினைவில் வைப்பதிலும் கவனத்தைக் குவிப்பதிலும் இசைக் குழுவே அதிகம் முன்னேறியது. பொழுதுபோக்கு மட்டுமே காரணமென்றால் ஒலிநூல் கேட்டவர்களும் அதே அளவு தேறியிருக்க வேண்டும்.

இதைவிட வியப்பானது தாளம் செய்யும் வேலை. நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயில் தசையில் வலு இருந்தும் சில நேரம் கால் எழாது. அடுத்த அடியை எப்போது வைப்பது என்று உள்ளிருந்து வரும் சமிக்ஞை தடுமாறுகிறது. தாளத்தைக் கேட்கும்போது, உடல் அசையாவிட்டாலும், மூளையில் இயக்கத்தை ஆளும் பகுதிகள் விழித்துக்கொள்வதை ஸ்கேன் படங்கள் காட்டுகின்றன. உள்ளே தவறும் சமிக்ஞையை வெளியிலிருந்து காது கொடுக்கிறது. மைக்கேல் தாட் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வாரம் வீட்டிலேயே தாளத்தோடு நடந்து பழகியவர்களின் வேகம் கூடியது. வெறும் ‘டிக் டிக்’ ஒலியே போதுமே, பாட்டு எதற்கு என்பது நியாயமான கேள்விதான். அந்த ஒலியும் உதவுகிறது. ஆனால் தினமும் அதை யார் விரும்பிக் கேட்பார்கள்? பிடித்த இசை உச்சம் தொடும்போது மூளையில் டோபமைன் சுரக்கிறது என்று மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011இல் காட்டினார்கள். பயிற்சியை விடாமல் தொடர வைப்பது அந்த இன்பம்தான்.

இசை நோயை நீக்காது. மாத்திரையை நிறுத்தவும் கூடாது. ஆனால் இதற்குச் செலவு அநேகமாக இல்லை; எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுத்திருந்தால், அவருக்குப் பிடித்த பாட்டு எதுவென்று கேட்டு, மருத்துவரின் அனுமதியோடு, மெல்லிய ஒலியில் போட்டுக் கொடுங்கள். நடைப் பயிற்சிக்கு மட்டும் இயன்முறை மருத்துவர் அருகில் இருக்கட்டும். பார்க்கின்சன் நோயாளிகள் விழுந்துவிடும் ஆபத்து அதிகம்.