சேவ் கோப்பு எங்கே போச்சு?

2002இல் வந்த மோரோவிண்ட், மாட் பட்டியலையும் சேவ் கோப்புகளையும் தன் ஃபோல்டருக்குள்ளேயே எழுதும். விஸ்டா முதல் புரோகிராம் ஃபைல்ஸுக்குள் சாதாரண யூசர் எழுத முடியாது. ஆனால் இந்த மாதிரி பழைய மென்பொருளிடம் விண்டோஸ் அதைச் சொல்வதில்லை; ஆப்டேட்டாவில் உள்ள வர்ச்சுவல்ஸ்டோரில் ஒரு நகலை எழுதிவிட்டு, சேமிச்சாச்சு என்கிறது. பச்சைப் பொய். நோட்பேடில் அசல் ஐஎன்ஐ கோப்பை என்னதான் திருத்தினாலும் விளையாட்டு அந்த நகலைத்தான் படிக்கும்.

அட்மினாக ஓட்டினால் சரியாகுமே என்பீர்கள். ஆகும். ஆனால் அப்படி ஓடும் மாட் மேனேஜருக்குள் எக்ஸ்புளோரரிலிருந்து கோப்பை இழுத்துப் போட முடியாது, விண்டோஸ் தடுத்துவிடும். எங்கிருந்தோ இறக்கிய நிரலுக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பானேன்?

விளையாட்டை புரோகிராம் ஃபைல்ஸுக்கு வெளியே, சி டிரைவில் தனி ஃபோல்டரில் போடுங்கள். அதற்கு முன் வர்ச்சுவல்ஸ்டோரைத் திறந்து பாருங்கள். தொலைந்ததாக நினைத்த சேவ்கள் அங்கேதான் கிடக்கும். எடுத்து வந்து புது ஃபோல்டரில் போட்டுவிடுங்கள்.