அடுப்பு அணையாதிருக்கட்டும்



ஆண்டவர் இயேசு கூறிய திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை (மத்தேயு 20:1-16) நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். மாலை ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தவர்களுக்கும் முழுநாட் கூலியாகிய ஒரு தெனாரியம் கொடுக்கப்படுகின்றது. காலையிலிருந்து உழைத்தவர்கள் முணுமுணுக்கின்றார்கள். நாமும் சில வேளைகளில் அவர்களோடு சேர்ந்துகொண்டு, இது என்ன நியாயம் என்று கேட்கின்றோம். ஆனால் அந்த ஒரு தெனாரியத்தின் பெறுமதியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அக்காலத்தில் ஒரு கூலியாளின் குடும்பம் ஒருநாட் பொழுதைக் கழிப்பதற்கு வேண்டிய பணம் அது. அதிலே பாதியைக் கொடுத்திருந்தால் அந்த வீட்டிலே அரை வயிற்றோடுதான் பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள். தோட்டத்தின் உரிமையாளர் உழைத்த மணித்தியாலங்களை மட்டும் எண்ணவில்லை. அந்த மனிதனின் வீட்டு அடுப்பையும் எண்ணிப் பார்த்தார்.

இந்தப் பார்வை நமக்கு எப்போதும் வேண்டும். வேலைநிறுத்தம் ஒன்று வாரங்களைக் கடந்து மாதங்களாக நீளும்போது, அது இன்னும் அதிகமாக வேண்டும்.

2024ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மே முதலாம் நாள், தொழிலாளரான புனித யோசேப்பின் திருவிழா. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955இல் ஏற்படுத்திய விழா அது. அதற்கு மறுநாள், மே 2ஆம் நாள், இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களின் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பள முரண்பாடு தீர்க்கப்பட வேண்டும், தாம் இழந்த 15 சதவீதம் மீளக் கிடைக்க வேண்டும், மாதாந்தக் கொடுப்பனவு சீராக்கப்பட வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகள். 2022 செப்டெம்பரில் நாட்டின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டதையும், அதன்பின் அரிசியும் மாவும் பால்மாவும் பழைய விலைக்குத் திரும்பாததையும் அறிந்தவர்களுக்கு, அந்தக் கோரிக்கைகள் எங்கிருந்து எழுந்தன என்பதை விளக்கவேண்டியதில்லை. போராட்டம் யூலை மாதம் வரை, இரண்டு மாதங்களுக்கு மேலாக நீடித்தது. 1974இல் திருநெல்வேலியில் தொடங்கப்பட்ட நமது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தனது ஐம்பதாவது ஆண்டை எட்டிய வேளையில், அதன் பணியாளர்களும் இப்போராட்டத்தில் நின்றார்கள்.

பல்கலைக்கழகம் என்றதும் பேராசிரியர்களும் மாணவர்களும் நம் கண்முன் வருகின்றார்கள். ஆனால் விரிவுரை மண்டபத்தைத் திறப்பவர், நூலகத்தில் நூலை எடுத்துத் தருபவர், ஆய்வுகூடத்தைப் பேணுபவர், விடுதிக்கு நீர் இறைப்பவர், பரீட்சைத் தாள்களைக் காப்பவர், வாயிலில் இரவெல்லாம் விழித்திருப்பவர் என்று எத்தனை பேருடைய கைகளில் அந்த நிறுவனம் தங்கியிருக்கின்றது! அவர்களிற் பலர் நமது பங்குகளில் நம்மோடு ஒரே வாங்கில் அமர்ந்து திருப்பலி காண்பவர்கள். தீவகத்திலிருந்து காலைப் பஸ்ஸில் பண்ணைப் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்பவர்களும் உண்டு.

நீண்ட வேலைநிறுத்தத்தின்போது இத்தகைய வீடுகளில் என்ன நிகழ்கின்றது? இதனை உணர்வதற்கு வேலணையின் சாட்டிக் கடற்கரைக்கு வாருங்கள். ஒருபுறம் உப்புக்கடல், சற்று உள்ளே தோண்டினால் தித்திக்கும் நன்னீர். மாரிமழை மணலிலும் சுண்ணக்கல்லிலும் இறங்கி, அடியிலுள்ள பாரமான உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதந்து நிற்கின்றது. அளவோடு அள்ளினால் அடுத்த மழைவரை அது போதும். மழை இல்லாத காலத்தில் விடாது இறைத்தாலோ, நன்னீர் தேய்ந்து அடியிலிருக்கும் உவர் மேலேறிவிடும். உவர் ஏறிய கிணறு ஒரேயொரு மழையில் தேறிவிடுவதில்லை.

மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்தின் சேமிப்பும் அந்த நன்னீரைப் போன்றதே. முதல் மாதம் கையிருப்பிலே கழிகின்றது. இரண்டாம் மாதம் மனைவியின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகின்றது. அதற்கப்பால் வட்டிக்கடன் என்னும் உவர் ஏறத் தொடங்குகின்றது. போராட்டம் முடிந்து, அவர் மீண்டும் வேலைக்குச் சென்றபின்னரும் அந்த உவர் வீட்டைவிட்டு இலகுவில் நீங்குவதில்லை. ஆகவேதான் சொல்லுகின்றேன்: முதல் வாரத்து ஆரவாரத்தில் காட்டும் ஆதரவைக் காட்டிலும், எல்லாரும் மறந்துபோன எட்டாம் வாரத்தில் நீட்டும் கையே பெரிது.

"வேலைநிறுத்தம் செய்வதைத் திருச்சபை ஏற்கின்றதா, சுவாமி?" என்று கேட்போர் உண்டு. திருச்சபையின் போதனை தெளிவானது. தொழிலாளரின் நிலைமையைப் பற்றி திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் 'ரேரும் நோவாரும்' என்னும் திருமடலை வெளியிட்டு, உழைப்பவன் தன் குடும்பத்தோடு மாண்புடன் வாழப் போதிய ஊதியம் பெறவேண்டும் என்று வலியுறுத்தினார். 1981இல் திருத்தந்தை 2ஆம் அருளப்பர் சின்னப்பர், உழைப்பைப் பற்றிய தமது திருமடலில், தக்க நிபந்தனைகளோடும் நியாயமான எல்லைகளோடும் கூடிய வேலைநிறுத்தம் முறையானதே என ஏற்றுக்கொண்டார். அது இறுதி வழியாகவே இருக்கவேண்டும் என்றும், மக்களின் உயிர்வாழ்வுக்கு இன்றியமையாத சேவைகள் தடைப்படலாகாது என்றும் அவர் எடுத்துரைத்தார். வன்முறை கலந்தால் அது அறநெறிக்குப் புறம்பாகிவிடும் எனக் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் போதிக்கின்றது. ஆகவே உரிமையும் உண்டு, வரம்பும் உண்டு.

ஆயினும் அன்பர்களே, ஒரு குறித்த போராட்டம் சரியா பிழையா என்பதில் நாம் வேறுபட்ட கருத்துடையோராய் இருக்கலாம். அந்த வீட்டுப் பிள்ளையின் பசியில் நமக்கு இரண்டு கருத்து இருக்கமுடியாது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிடும்படி இறைவன் இஸ்ரயேலருக்குக் கட்டளையிட்டார் (இணைச்சட்டம் 24:14-15). அவன் அதையே நம்பியிருக்கின்றான் என்பதே அங்கு சொல்லப்படும் காரணம். பொழுது சாயும் வேளையில் வீட்டிலே என்ன இருக்கின்றது என்று கேட்கும் கடவுள் நம் கடவுள்.

வரலாற்றில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1889 ஓகஸ்டில் இலண்டன் துறைமுகத் தொழிலாளர், மணித்தியாலத்துக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலையை நிறுத்தினார்கள். ஏறத்தாழ ஐந்து வாரங்கள் போராட்டம் நீடித்தது. பட்டினியால் அவர்கள் பணிந்துவிடுவார்கள் என்றே முதலாளிமார் எதிர்பார்த்தனர். ஆனால் போராட்டக் குழுவினர் குடும்பங்களுக்கு உணவுச் சீட்டுகளை வழங்கினர். அவற்றைக் கொடுத்து அயற் கடைகளில் உணவுப்பொருள் பெறலாம். கடல்கடந்து அவுஸ்திரேலியாவிலிருந்து 30,000 பவுண்களுக்கும் மேற்பட்ட உதவி வந்துசேர்ந்தது. அவ்வேளையில் வெஸ்ட்மின்ஸ்டர் பேராயரான கர்தினால் மானிங் 81 வயது முதியவர். அவர் இரு தரப்பினரிடமும் நடந்தார், பேசினார், பொறுமையோடு காத்திருந்தார். ஈற்றில் உடன்பாடு எட்டப்பட்டது. ஆறு பென்ஸ் கூலியும் கிடைத்தது. ஒரு கை அடுப்பெரிய உதவியது. மறு கை பேச்சுவார்த்தை மேசைக்கு ஆட்களை அழைத்துவந்தது. இரண்டும் சேர்ந்தபோதே அமைதி பிறந்தது.

மாறாக, நமது நாட்டில் 1980 யூலையில் நடந்ததை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்களில் சுமார் 40,000 பேர் வேலையை இழந்தார்கள். எத்தனையோ குடும்பங்கள் நிலைகுலைந்தன. மனமுடைந்து தம் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். கோரிக்கையை மறுப்பது ஒன்று. கேட்டவனைக் கைவிடுவது வேறொன்று. ஓர் ஊர், ஓர் ஆலயம், ஓர் அயல்வீடு உடனிருந்திருந்தால் அவர்களிற் சிலராவது அந்த இருளைக் கடந்திருக்கலாம் அல்லவா?

இனி, நாம் செய்யக்கூடியவற்றைப் பார்ப்போம்.

முதலில், வீட்டுக்குச் செல்லுங்கள். 1833இல் பாரிசில் வின்சென்ட் டி போல் சபையைத் தோழர்களோடு தொடங்கிய பிரடெரிக் ஒசானாம், அப்போது 20 வயதுப் பல்கலைக்கழக மாணவர். ஏழையைத் தம்மிடம் வரவழையாமல், ஏழையின் வீட்டுக்குத் தாமே செல்வதை அவர்கள் தமது வழியாகக் கொண்டார்கள். நேற்றுவரை பிறருக்குக் கொடுத்த கை, இன்று வாங்குவதற்குக் கூசும். ஆகவே வரிசையில் நிற்கவிட்டுப் படம் பிடிக்காதீர்கள். வலக்கை செய்வதை இடக்கை அறியவேண்டாம் என்றாரே ஆண்டவர்! அரிசிப்பையை வைத்துவிட்டு, பிள்ளைகளின் படிப்பை விசாரித்துவிட்டு வாருங்கள், அதுவே போதும்.

கடைக்காரர் கொப்பிக் கணக்கை ஒரு மாதம் நெருக்காமல் விடலாம். சீட்டுப் பிடிப்பவர் தவணை கொடுக்கலாம். வீட்டு உரிமையாளர் வாடகைக்குப் பொறுத்திருக்கலாம். ரியூஷன் ஆசிரியர் அந்தப் பிள்ளையிடம் இம்மாதக் கட்டணத்தைக் கேட்காதிருக்கலாம். இவற்றுக்குக் குழு வேண்டியதில்லை, கூட்டமும் வேண்டியதில்லை. ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்கும்படி தூய பவுல் சொன்னது (கலாத்தியர் 6:2) இவ்வாறுதான் நம் தெருவில் நிறைவேறும்.

போராட்டத்தில் இல்லாமலேயே அதனால் அடிபடுவோரையும் மறவாதீர்கள். சிற்றுண்டிச்சாலையில் நாட்கூலிக்கு நிற்பவர், வளாகத்தின் அயலில் சிறுகடை வைத்திருப்பவர், மாணவருக்குச் சமைத்துக் கொடுத்து வாழும் கைம்பெண் ஆகியோருக்குச் சங்கமும் இல்லை, பேச்சுவார்த்தையும் இல்லை. தொடக்கத் திருச்சபையில் நாள்தோறும் நடந்த பகிர்வில் கைம்பெண்களிற் சிலர் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தபோது, திருத்தூதர்கள் அதனைச் சிறிய காரியம் என்று தள்ளிவிடவில்லை (திருத்தூதர் பணிகள் 6:1-6).

மாணவர்களோ? ஒரு பருவம் பிந்தினால் ஒரு மீனவத் தந்தை இன்னும் ஆறுமாதம் கடலோடு மல்லாட வேண்டும். ஊழியரின் நீதியையும் மாணவரின் எதிர்காலத்தையும் எதிரெதிரே நிறுத்துவது நமக்கு அழகல்ல. பங்கு மண்டபத்தை மாலையில் அவர்கள் கூடிப் படிப்பதற்குத் திறந்துவிடலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் துணைநிற்கலாம். அதிகாரத்தில் இருப்போரிடம், காலம் கடத்தாமல் பேசுங்கள் என்று இரு தரப்பினருக்காகவும் சேர்ந்து கேட்கலாம்.

போராடும் சகோதரரே, சகோதரியரே, உங்களுக்கும் ஒரு சொல். வேலைக்குத் திரும்பிய தோழனையோ, உங்களோடு சேராதவரையோ பகைவராக்காதீர்கள். நோயுற்ற மாணவனுக்கு மருந்தும், விடுதிக்குக் குடிநீரும் கிடைக்க வழிவிடுங்கள். போராட்டம் ஒருநாள் முடியும். அதன்பின் ஒரே கூரையின்கீழ் நீங்கள் வேலை செய்யவேண்டும்.

சாட்டியிலே நம் மக்கள் சிந்தாத்திரை மாதாவைக் கடற்பயணிகளின் காவலியாக வணங்குகின்றார்கள். கடலுக்குச் சென்றவன் கரை திரும்பும்வரை அவன் வீட்டை ஊர் தனியே விட்டுவிடுவதில்லை; ஒரு படகு பிந்தினால் எல்லாருமே கரைக்கு வந்து நிற்பார்கள். அவன் ஏன் கடலுக்குப் போனான் என்று அப்போது எவரும் வாதிடுவதில்லை. வேலைநிறுத்தத்தில் இறங்கியவரின் வீடும் அத்தகையதே. இனியொரு முறை இவ்வாறான நாட்கள் வருமாயின், உங்கள் தெருவில் எந்த அடுப்பு புகையாமல் இருக்கின்றது என்று முதலிற் பாருங்கள். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக!