முதலில் அனுப்பியது யார்?

2018 மே மாதம். திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், கோயிலுக்கு வந்த 65 வயதுப் பெண்மணி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று நினைத்து அவரை அடித்தே கொன்றுவிட்டது ஒரு கூட்டம். அந்தப் பீதியை ஊர் ஊராகப் பரப்பியது வாட்ஸ்அப்.

'இதை முதலில் அனுப்பியது யார்?' என்ற கேள்வி நியாயமானது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கும், போகப்போக இந்தக் கேள்வியில்தான் வந்து நின்றது.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புபவரின் போனிலேயே பூட்டப்படுகிறது. பெறுபவரின் போனில்தான் திறக்கிறது. நடுவில் நிறுவனத்திடம் சாவி கிடையாது. ஒவ்வொரு செய்தியோடும் முதலில் அனுப்பியவரின் அடையாளத்தையும் சேர்த்தே அனுப்பலாம் என்று 2019-இல் யோசனை சொன்னார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார்: விஷமிகள் திருத்திய செயலியையோ வேறொருவர் எண்ணையோ பயன்படுத்தித் தப்பிவிடுவார்கள், சிக்குவது அப்பாவிகள்தான்.

அந்த விவாதம் முடியும் முன்பே, 2021 பிப்ரவரியில் விதி வந்துவிட்டது. 50 லட்சத்துக்கு மேல் பயனர்களைக் கொண்ட செய்திச் சேவைகள், நீதிமன்றமோ அரசோ முறைப்படி உத்தரவிட்டால், முதலில் அனுப்பியவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும். மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது வாட்ஸ்அப். பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் சொன்னார்.

கடுமையான குற்றங்களுக்கு மட்டும்தானே என்று அரசு கேட்கிறது. எந்தச் செய்தி நாளை குற்றமாகும் என்று இன்றைக்கு யாருக்குத் தெரியும்? ஆகவே எல்லோருடைய செய்திக்கும் அடையாளம் குத்தியாக வேண்டும். மனைவிக்கு அனுப்பும் மருத்துவ அறிக்கைக்கும், நிருபருக்கு ஊழியர் அனுப்பும் ரகசியக் குறிப்புக்கும் அதேதான். தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் ஒன்பது நீதிபதிகள் சொன்ன நாடு இது.

வேறு வழி இல்லாமலில்லை. 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்களுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்காக ஒரு செய்தியைக்கூடப் படிக்கவில்லை. யார் எப்போது யாரைத் தொடர்புகொண்டார் என்ற விவரத்தைச் சட்டப்படி கேட்டுப் பெறலாம். செய்தியைப் பெற்றவரே புகார் கொடுத்தால், அவர் போனே சாட்சி. நம் பங்குக்கு, பேக்கப்பையும் பூட்டி வைக்கலாம்; ஆதாரமில்லாததை நம் போனோடு நிறுத்தலாம்.

அத்திமூர் வழக்கில் பலர் கைதானார்கள். அதற்குக் கோடிக்கணக்கான வீடுகளின் பூட்டை உடைக்க வேண்டியிருக்கவில்லை.