மேற்குச் சுவருக்கு ஒரு கொடிப்பந்தல்



சேதராப்பட்டில் தொழிற்பேட்டை வந்த பிறகு ஊரின் முகமே மாறிவிட்டது. கரசூர், துத்திப்பட்டு பக்கமும் இதே கதைதான். வயலாக இருந்த இடம் மனையாயிற்று. கூரை வீடுகள் பலவும் மெத்தை வீடுகளாயின. அரசாங்க உதவியில் கட்டியவர்கள் உண்டு. கம்பெனிச் சம்பளத்தை நம்பிக் கடன் வாங்கிக் கட்டியவர்களும் உண்டு. தீப்பயம் தீர்ந்தது, மழை ஒழுகல் தீர்ந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் சித்திரை பிறந்துவிட்டால் அதே வீடுகளில் ஒரு பேச்சு கேட்கிறது.

"ஏங்க, ராத்திரி பத்து மணி ஆவுது, இன்னும் சொவரு சுடுது பாருங்க. புள்ள எப்படித் தூங்கும்?"

"ஃபேன்தான் ஓடுதே?"

"ஓடுது, ஓடுது. அனல் காத்துதான் வருது."

அந்த அம்மாள் சொல்வது சரி. செங்கல் சுவரும் கான்கிரீட் தளமும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து வைத்துக்கொள்கின்றன. பொழுது சாய்ந்த பிறகு குடித்ததை மெதுவாக வீட்டுக்குள் கக்குகின்றன. ஃபேன் காற்றைச் சுற்றிவிடுமே தவிர, காற்றைக் குளிர்விக்காது. நம் பக்கத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் உச்சிவெயில் ஏறக்குறைய நேர் மேலே நிற்கும். அது தளத்தின்மேல் விழுகிறது. இரண்டு மணிக்கு மேல் பொழுது சாயும் வரை அடி வாங்குவது மேற்குச் சுவர். பெரும்பாலும் அந்தச் சுவரை ஒட்டித்தான் படுக்கும் அறை இருக்கிறது!

வெக்கைக்கும் குடும்ப நலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கர்ப்பிணிகளைப் பொறுத்தவரை நிறையவே சம்பந்தம் உண்டு. சென்னை ஸ்ரீராமச்சந்திரா கல்வி நிறுவனத்தார் 2017-ல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் வேலைக்குப் போகும் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற வெக்கையான இடங்களில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்ததாக 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். இது வேலை செய்யும் இடத்தின் வெக்கையைப் பற்றிய ஆய்வு. ஆனால் பகலெல்லாம் நடவிலோ களையெடுப்பிலோ காய்ந்துவிட்டு வருகிற பெண்ணுக்கு, ராத்திரியாவது உடம்பு ஆற ஓர் இடம் வேண்டாமா? கைக்குழந்தையின் பாடு இன்னும் மோசம். வேர்த்து நனைந்து அழத்தான் அதற்குத் தெரியும். எழுந்து திண்ணைக்குப் போகத் தெரியாது.

பழைய கூரை வீடுகளின்மேல் சுரைக்கொடியும் பரங்கிக்கொடியும் ஏறிக் கிடந்ததை வீட்டுப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். காய்க்காக ஏற்றிய கொடி வீட்டுக்கு நிழலும் தந்தது. மெத்தை வீடு வந்ததும் "சொவரு அழுக்காயிடும்" என்று கொடியை விட்டுவிட்டோம். புதுச்சேரி நகரத்திலோ, பிரெஞ்சுக்காரர் கட்டிய தெருக்களில் மதிலுக்கு மதில் காகிதப்பூச் செடி இன்னமும் பூத்துத் தொங்குகிறது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் இதற்குப் பணமே கொடுத்தார்கள். கட்டடங்களின் மாடியிலும் சுவரிலும் செடி வளர்க்க ஆகும் செலவில் பாதி வரை தரும் திட்டத்தை 2009-ல் அங்கே கொண்டுவந்தார்கள். நமக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. நாலு சவுக்குக் கம்பு, ஒரு பழைய மீன்வலை, ஒரு பிடி விதை இருந்தால் வேலை ஆரம்பமாகிவிடும்.

இலை எப்படிக் குளிர்ச்சி தருகிறது? முதலாவது, வெயிலைச் சுவரில் விழவிடாமல் தானே வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது, வேர் உறிஞ்சிய தண்ணீரைத் தன் நுண்துளைகள் வழியாக ஆவியாக விடுகிறது. மண்பானைத் தண்ணீர் சில்லென்று இருப்பதும் இதே முறையில்தான். ஆகவே வாடிப்போன கொடியால் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

பந்தல் போடும் விதம் முக்கியம். கொடியைச் சுவரில் நேரே ஒட்டவிடக் கூடாது. சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சவுக்குக் கம்புகளை நட்டு, மேலே குறுக்குக் கம்பு கட்டி, வலையைத் தொங்கவிட வேண்டும். நடுவில் காற்று ஓடினால் சுவரில் ஈரம் தங்காது, பூச்சு உரியாது. தேள், பாம்பு பயமும் குறையும், அடியில் சருகு சேராமல் கூட்டி வைத்தால். ஜன்னலை மூடிவிடாமல் அந்த இடத்தில் மட்டும் வலையை வெட்டிவிடுங்கள். சாயங்காலம் வருகிற கடற்காற்றைத் தடுத்துவிட்டுக் குளிர்ச்சியைத் தேடுவதில் பயன் இல்லை. சுவர் வெடிப்பில் ஆல், அரசு முளைத்தால் அன்றைக்கே வேரோடு பிடுங்குங்கள். அது நிழல் தரும் கொடி அல்ல, வீட்டைப் பிளக்கும் மரம்.

எதை நடுவது? கோவைக்காய் நல்ல கொடி. தண்டை வெட்டி நட்டாலே பிடித்துக்கொள்ளும், பல வருஷம் நிற்கும். கொடிப்பசலையும் தண்டிலிருந்து வரும். பாகல், பீர்க்கன், புடலை எல்லாம் விதைபோட்டு வளர்ப்பவை. காய்கறிக்கு ஆடிப்பட்டம் என்பது வழக்கம். ஆனால் ஆடியில் போட்ட கொடி ஐப்பசி மழையில் செழித்து, வெயில் வருவதற்குள் ஓய்ந்துவிடும். நிழலுக்காகப் போடுகிறவர்கள் தை மாதத்திலேயே விதை ஊன்ற வேண்டும். அப்போதுதான் சித்திரை வெயிலுக்குச் சுவர் மூடியிருக்கும். தளத்துக்கும் நிழல் வேண்டுமானால் தரையில் வேர்விட்ட சுரைக்கொடியை மேலே ஏற்றி, தளத்தில் கழி பரப்பி அதன்மேல் படரவிடலாம். அது முடியாதவர்கள் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தாலும் வெயிலில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில் யாரும் ஷீட்டின்மேல் ஏறக் கூடாது, உடைந்து விழுவார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பெரிய தொட்டியில் வளர்க்கலாம்.

தொட்டி என்றதும் சுகாதாரத் துறைக்கு ஒரு கவலை வருகிறது. டெங்கு பரப்பும் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, செடிக்கு ஊற்ற நிரப்பிவைத்த வாளி, மூலையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை எல்லாமே அதற்குப் போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். எனவே வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் காயவிடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர் கொடிக்குப் போகலாம். ஆனால் குட்டையாகத் தேங்கக் கூடாது. யானைக்கால் நோய் பரப்பும் கொசு வளர்வது அந்தச் சாக்கடைத் தண்ணீரில்தான். 1975-ல் புதுச்சேரியில் தொடங்கிய மத்திய அரசின் கொசு ஆராய்ச்சி மையம், 1981 முதல் 1985 வரை இதே புதுச்சேரியில் தண்ணீர் தேங்கும் இடங்களைச் சீர்செய்து இந்தக் கொசுவை எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று செய்து காட்டியது. நாலு முழ நீளத்துக்கு ஒரு சின்ன வாய்க்கால் எடுத்து, தண்ணீரை வேர் வரைக்கும் கொண்டுபோய் மண்ணில் இறங்கவிட்டால் போதும்.

இனி அடுப்படிக்கு வருவோம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. மேல்மூச்சு வாங்குதல், தலை கிறுகிறுப்பு, நகம் வெளுத்தல் இதன் அறிகுறிகள். பிரசவத்தில் உதிரம் அதிகம் போனால் இப்படிப்பட்ட தாயின் உயிருக்கே ஆபத்து. பந்தலில் படரும் பசலையும், கொல்லையில் நிற்கும் முருங்கையும் சாப்பாட்டில் அடிக்கடி சேரட்டும். கீரையோடு எலுமிச்சம்பழச் சாறு கொஞ்சம் பிழிந்தால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்தச் சத்து வீணாகும். ஒரு மணி நேரமாவது கழியட்டும். ஆனால் கீரை தின்கிறேன் என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கீரையிலிருக்கும் இரும்பில் உடம்பு எடுத்துக்கொள்வது கொஞ்சம்தான். நாலாம் மாதத்திலிருந்து நாள்தோறும் ஒன்று வீதம் 180 நாளும், பிள்ளை பெற்ற பின் 180 நாளும் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். அடுத்த குழந்தைக்கு இரண்டு வருஷமாவது இடைவெளி விட்டால்தான் தாயின் இரத்தம் ஊறும். அதற்கான முறைகளை நர்சம்மாவிடம் கணவனும் மனைவியும் சேர்ந்தே வந்து கேளுங்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. "பொம்பளைங்க செடி" என்று ஒதுங்கிவிடாதீர்கள். குழி தோண்டுவதும் கம்பு நடுவதும் ஏணியில் ஏறி வலை கட்டுவதும் உங்கள் வேலை. கர்ப்பிணி ஏணியில் ஏறவோ குடம் குடமாகத் தண்ணீர் தூக்கவோ கூடாது. பூச்சி வந்தால் வயலுக்கு அடிக்கும் மருந்தை ஜன்னலோரம் அடிக்க வேண்டாம். வேப்பங்கொட்டைக் கரைசலே போதும்.

ஐப்பசி பிறந்ததும் பந்தலைப் பார்த்து, காய்ந்த கொடிகளை அறுத்து, வலையை அவிழ்த்து உள்ளே வைத்துவிடுங்கள். 2011 டிசம்பர் 30-ல் வந்த தானே புயலையும், 2024 நவம்பர் 30-ல் கரையேறிய ஃபெஞ்சல் புயலையும் நாம் மறக்க முடியாது. ஃபெஞ்சலின்போது ஒரே நாளில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அவிழ்க்காத பந்தல் காற்றில் பறந்தால் பக்கத்து வீட்டு ஜன்னலையோ மின்கம்பியையோதான் போய்ச் சேரும். கோவைக்கொடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டாலும் தை மாதம் மறுபடி துளிர்க்கும். விதை பற்றியும் நடவு பற்றியும் உழவர் உதவியகத்திலோ, குரும்பாப்பேட்டை பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ மார்கழியிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.